நினைவகத்தில் மிஞ்சிய வரி

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர்" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவேன். விளக்கப் போனால் கேட்டவர் வாட்சைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். ஆனால் இந்தக் கதைக்கு விளக்காமல் தீராது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சி மொழியில் யார் என்ன புரோகிராம் எழுதினாலும் அடியில் ஒரு லைப்ரரி வேண்டும். ஃபைலைத் திற, எழுது, படி, மூடு என்கிற அன்றாடக் காரியங்களை எல்லாம் அதுதான் செய்து கொடுக்கும். ஹார்ட் டிஸ்க் இல்லாத சின்னச் சின்னப் பெட்டிகளுக்கான ஒரு லைப்ரரியைப் பராமரிக்கும் சிலரில் நானும் ஒருத்தி. தூத்துக்குடியில் வீட்டு மாடியில் உட்கார்ந்தபடியே வேலை. அதில் என் பங்கு, நினைவகத்தையே ஃபைலாகக் காட்டும் பகுதி. புரோகிராம் தான் ஒரு ஃபைலில் எழுதுவதாக நினைத்துக்கொள்ளும். உண்மையில் ஃபைல் என்று ஒன்றும் இருக்காது. நினைவகத்தில் ஒரு துண்டு இடம், அவ்வளவுதான். கரண்டு போனால் அதுவும் போச்சு. இல்லாததை இருக்கிறது என்று நம்பவைக்கிற வேலை. எனக்கு அது பிடித்திருந்தது.

அந்தப் பகுதிக்கென்று விதிமுறை உண்டு. எழுதி முடித்த இடத்தில் முடிவுக்குறியை எப்போது வைக்கவேண்டும், எப்போது வைக்க வேண்டியதில்லை என்று வரி வரியாகச் சொல்லியிருக்கும். 'துடைத்துவிட்டு எழுது' என்று திறந்தால் ஒரு விதி. 'இருப்பதன் மேலேயே எழுது' என்று திறந்தால் வேறு விதி. இரண்டாவது வகையில், புதிதாக எழுதியது பழையதைத் தாண்டிப் போனால்தான் முடிவுக்குறி. தாண்டாவிட்டால் குறியும் கிடையாது, பழையதன் மிச்சமும் அப்படியே கிடக்கும். சிலேட்டைத் துடைக்காமல் நீளமான ஊர்ப்பெயரின் மேல் 'மழை' என்று எழுதினால் பின்பாதி மிஞ்சுமே, அதேதான்.

என் அப்பா பெருமாள் கோயிலில் பாசுரம் சேவிப்பவர். கோஷ்டியில் யாராவது ஓர் எழுத்தைத் தின்றுவிட்டால் அன்று முழுக்க அவருக்குச் சாப்பாடு இறங்காது. அந்த வியாதி எனக்கும் உண்டு. விதியில் உள்ளதை எழுத்துப் பிசகாமல் செய்து, சோதனைமேல் சோதனை போட்டுத்தான் வெளியே விட்டேன். ஆகவே, "உங்கள் லைப்ரரி யாரும் எழுதாத வாசகத்தைக் காட்டுகிறது" என்று ஒரு மின்னஞ்சல் வந்தபோது எனக்குச் சுருக்கென்றது.

அனுப்பியது ஒரு சின்னக் கம்பெனி. கடலுக்குப் போகும் படகுகளுக்குச் செய்திப்பெட்டி செய்பவர்கள். படகில் ஒரு பெட்டி, கரையில் ஒரு பெட்டி. படகில் இருப்பவர் செல்போனில் தட்டினால் சாட்டிலைட் வழியாகக் கரையிலிருக்கும் திரைக்கு வந்துவிடும். கரையிலிருந்தும் அப்படியே படகுக்கு அனுப்பலாம். உள்ளே ஓடுவது எங்கள் லைப்ரரி. "விதிப்படி சரியாகவே இயங்குகிறது. உங்கள் பக்கம் பாருங்கள்" என்று பதில் போட்டேன். உடனே போன் வந்தது. பெட்டி இருப்பது தூத்துக்குடியிலேயே, மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு படகு முதலாளியின் ஆபீஸில். அவருடைய வள்ளம் ஒன்று காணாமல் போயிருக்கிறது, தேடப் போனவர்களின் செய்திகளில் என்னென்னவோ வருகிறது, ஆபீஸில் எல்லோரும் அரண்டுபோய் இருக்கிறார்கள், எங்கள் ஆள் வந்துசேர நாளாகும், ஒரு எட்டுப் போய்ப் பார்க்க முடியுமா என்று கெஞ்சினார்கள்.

நான் போனது உச்சிப் பொழுது. கச்சான் காற்று அடிக்கும் மாதம். மேற்கேயிருந்து மண்ணை வாரிக்கொண்டு வந்த காற்று அந்த நேரம் பார்த்து நின்றுவிட்டிருந்தது. உப்பளப் பக்கம் ஏறிட்டுப் பார்க்க முடியாதபடி வெள்ளை வெளிச்சம். கடைகள் பாதிக் கதவு சாத்திக் கிடந்தன. உச்சி வேளையில் தனியாகத் தெருவில் இறங்காதே என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் ஐஸ் கம்பெனிச் சந்தில் திரும்பும்போது பின்னால் யாரோ வருவது போலிருந்தது. திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. அதற்கப்புறம் கொஞ்சம் வேகமாகத்தான் நடந்தேன்.

ஆபீஸில் மூன்று பேர் இருந்தார்கள். முதலாளி, பருத்த மனிதர், கையில் ஜெபமாலை. அவருடைய கணக்கர். அப்புறம் திரைக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெண். நான் வந்ததற்கு அவள் திரும்பவில்லை.

"வாங்கம்மா. அந்தப் பிள்ளையோட வீட்டுக்காரன்தான் வள்ளத்தை ஓட்டிட்டுப் போனது. சங்கு குளிக்கப் போனாவ. நேத்துலேருந்து இங்கனயே உக்காந்திருக்கு, பச்சத்தண்ணி பல்லுல படல" என்றார் முதலாளி, குரலைத் தாழ்த்தி.

கடைசியாக அவனிடமிருந்து வந்த செய்தியைக் காட்டினார். பெட்டி பதிந்து வைத்திருந்தது இவ்வளவுதான்: "மாதாவே துணை. மதிப்பிற்குரிய அண்ணாச்சிக்கு வணக்கம். நாங்க எல்லாரும் சுகம். அங்க". அத்தோடு நின்றிருந்தது.

"சுகம்னுதான சொல்லுதான்? அதான் நாங்க மொதல்ல பயப்படல. மத்த வள்ளம் எல்லாம் கரை சேந்துட்டு. இது மட்டும் வரல."

எனக்குப் பார்த்தவுடனே புரிந்தது. பெட்டி செய்தவர்கள் ஆங்கிலத்தை மனதில் வைத்து, ஒவ்வொரு செய்தியிலும் முதல் கொஞ்சத்தை மட்டும் பதிந்துவைக்க இடம் ஒதுக்கியிருந்தார்கள். தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் ஆங்கில எழுத்தைப்போல மூன்று மடங்கு, ஆறு மடங்கு இடம் கேட்கும். இந்தக் கடற்கரையிலோ யாரும் மாதாவைக் கூப்பிடாமல், மரியாதை சொல்லாமல், சுகம் விசாரிக்காமல் விஷயத்துக்கு வரமாட்டார்கள். வணக்கத்துக்கே இடம் சரியாய்ப் போயிற்று. முழுச் செய்தி அடுத்த செய்தி வரும்வரை திரையில் மட்டும் இருக்கும். அவன் அனுப்பிய நேரத்தில் கணக்கர் சாப்பிடப் போயிருக்கிறார். திரும்பி வந்தபோது திரையில் வேறொரு படகின் செய்தி நின்றிருக்கிறது.

"அது கெடக்கட்டும்மா. இதப் பாருங்க" என்று முதலாளி திரையைக் காட்டினார். தேடப் போன படகு ஒன்றின் செய்தி. "மாதாவே துணை. அண்ணாச்சிக்கு வணக்கம். இங்கன ஒண்ணும் தட்டுப்படல" என்று இருந்தது. பிறகு உடைந்த எழுத்துக்குப் பதிலாகத் திரை போடும் கறுப்புக் கட்டங்கள் இரண்டு. அதற்குக் கீழே: "பழைய பாருக்குத் தெக்க ஓட்டத்துல போயிட்டிருக்கோம். வீட்ல சொல்லிராதீங்க."

கடலடியில் பாறைத்திட்டு இருக்கும் இடத்தைப் பார் என்பார்கள். சங்கு கிடைப்பது அங்கேதான். முன்பு முத்துச் சிப்பி எடுத்ததும் அங்கேதான்.

"எல்லாப் படகுலேருந்தும் இதே வார்த்தை வருது மேடம்" என்றார் கணக்கர். "நேத்து சாயங்காலம் கம்பெனிக்காரன் சும்மா டெஸ்ட் மெசேஜ் அனுப்புனான். அதுக்குக் கீழயும் இதேதான். நான் எப்பமும் மேல ரெண்டு வரியத்தான் பாப்பேன். பட்டனை அமுக்கிக் கீழ எறங்கிப் பாத்ததே இந்தப் பிள்ளைதான்."

அப்போது பெட்டி சின்னதாக ஒரு மணி அடித்தது. இன்னொரு படகு. அந்தப் பெண் பொத்தானை அழுத்தி, பாடம் ஒப்பிப்பவள்போல ஏற்ற இறக்கமில்லாமல் வாசித்தாள். மேல்வரிகள் வேறு, கடைசி வரிகள் அதே. "வீட்ல சொல்லிராதீங்க" என்று வாசித்துவிட்டு முதல்முறையாக என்னைத் திரும்பிப் பார்த்தாள். அழுது முடித்த கண்கள்.

"பாத்தியளா யக்கா? எல்லாரும் ஒரே இடத்துக்குத்தான் போறாவ. அங்கன அவுக பொணம் கெடக்கு. எங்கிட்ட சொல்லாதீங்கன்னு பேசி வச்சிக்கிட்டாவ. நான் என்ன பச்சப் பிள்ளையா? கோயில்ல துக்கமணி அடிக்கச் சொல்லுங்க அண்ணாச்சி. மறைச்சது போதும்."

முதலாளி ஜெபமாலையை உருட்டினார். "நான் அவனுவகிட்ட கேக்கவே இல்லம்மா" என்று என் காதருகில் சொன்னார். "கேட்டு, ஆமான்னுட்டா நான் என்ன செய்ய?"

எனக்கு அவள்மேல் இரக்கம் இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அதைவிடப் பெரிதாக இருந்தது எரிச்சல்தான். என் லைப்ரரி எழுத்துப் பிசகாமல் செய்த காரியத்தைப் பேய் என்கிறார்களே என்ற எரிச்சல். லேப்டாப்பை விரித்துக்கொண்டு விளக்கினேன். எல்லாச் செய்தியும் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதப்படுகிறது. பெட்டி செய்தவர்கள் துடைக்காமல் எழுதும் வகையில் திறந்திருக்கிறார்கள். புதுச் செய்தி சின்னதாக இருந்தால் பழைய பெரிய செய்தியின் வால் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒட்டுகிற இடத்தில் பழைய எழுத்து பாதியில் அறுபடும், அதுதான் அந்தக் கறுப்புக் கட்டம். படகுக்காரர்கள் யாரும் இதை எழுதவில்லை. யாரும் எதையும் மறைக்கவில்லை. வெறும் மிச்சம்.

"அவ்வளவுதானா?" என்று முதலாளி பெருமூச்சு விட்டார். "ஏலே, அந்தச் சனியனை ஆஃப் பண்ணிப் போடு. ஒரு மனுசியச் சாவடிக்கப் பாத்துச்சே." கணக்கர் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினார்.

"யாரோட மிச்சம் யக்கா?" என்று கேட்டாள் அவள்.

பதிவில் பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன். தேடப் போனவர்கள் எல்லோரும் இரண்டு வரிக்குமேல் எழுதவில்லை. அவர்களுக்கு முன்னால் கடைசியாக இந்தப் பெட்டிக்கு வந்த நீளமான செய்தி ஒன்றுதான். மாதாவே துணை, நாங்க எல்லாரும் சுகம், அங்க.

"தொடாதீங்க!" என்று நான் கத்திய கத்தலில் கணக்கர் கையைச் சூடு பட்டவர்போல இழுத்துக்கொண்டார்.

கரண்டை நிறுத்தினால் எல்லாம் போய்விடும். யாராவது ஒருத்தர் இரண்டு வரி கூடுதலாக மரியாதை சொல்லி எழுதினாலும் அந்த வால் அழிந்துவிடும். இந்தக் கடற்கரையில் எந்த நேரமும் அது நடக்கலாம். நான் கேபிளைச் செருகினேன். பெட்டியின் நினைவகத்திலிருந்த அந்தத் துண்டை அப்படியே நகலெடுத்து என் லேப்டாப்பில் பத்திரப்படுத்திய பிறகுதான் மூச்சு விட்டேன்.

"இப்பக் கேளுங்க" என்றேன் முதலாளியிடம். "பழைய பாருக்குத் தெக்க எந்தப் படகு போயிருக்குன்னு எல்லாரையும் கேளுங்க."

அவர் கேட்டார். பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. யாரும் போகவில்லை. கச்சான் அடிக்கிற காலம், எஞ்சின் நின்றிருந்தால் வள்ளத்தைக் காற்று கிழக்கேதான் தள்ளியிருக்கும் என்று அத்தனை பேரும் கிழக்கே போயிருந்தார்கள். கரையில் இருந்தவர்களோ எல்லோரும் தெற்கே தேடிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தார்கள். தெற்கே போய்க்கொண்டிருந்தது ஒரே ஒரு வள்ளம், நீரோட்டம் இழுத்த இழுப்பில். அது சொன்ன சொல் ஒரு பகலும் ஒரு ராத்திரியுமாக மற்றவர்களின் வாய்வழியாக அந்த அறையில் ஒலித்துக்கொண்டே இருந்திருக்கிறது. கேட்க ஆளில்லை.

படகுகள் தெற்கே திரும்பின. கடலோரக் காவல் படைக்கும் சொன்னார்கள். அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். துக்கமணி என்ற பேச்சை அவள் மறுபடி எடுக்கவில்லை. திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "அப்ப அவுகதான் பேசிட்டிருந்திருக்காவ" என்று மட்டும் நடுவில் ஒருமுறை சொன்னாள்.

மறுநாள் முற்பகல் கண்டுபிடித்தார்கள். எல்லோருக்கும் உயிர் இருந்தது. உதடு வெடித்து, கண் சிவந்து, ஒருவருக்கும் நிற்கத் தெம்பில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அவள் போன் செய்து, நீங்கள் வந்தே ஆகவேண்டும் என்றாள். மக்ரூன் ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு போனேன். முதலாளியும் கணக்கரும் அங்கே இருந்தார்கள். அவள் புருஷன் கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது.

"விஷயத்தை முதல்லயே எழுதியிருக்கக் கூடாதா? வணக்கம், சுகம் எல்லாம் அந்த நேரத்துல எதுக்கு?" என்று கேட்டேன். என் குணம் எங்கே போகும்?

அவன் கூச்சத்தோடு சிரித்தான். "வணக்கம் போடாம மொதலாளிக்கு எப்படி மேடம் எழுத?"

எல்லோரும் சிரித்தோம். அவளும்தான். சிரித்துக்கொண்டே அவன் தோளில் ஒரு அடி வைத்தாள். "வணக்கம் போட்டது சரி. வீட்ல சொல்லிராதீங்கன்னு எதுக்கு எழுதுனிய? நான் என்ன கேட்டவொடனே செத்தா போவேன்?"

அவன் புரியாமல் அவளைப் பார்த்தான். "நான் அப்படி எழுதலியே."

"எழுதல?"

"தெக்க போயிட்டிருக்கோம்னு அமுக்குனேன். அதோட போன்ல சார்ஜ் தீந்துட்டு. வீட்டப் பத்தி நான் ஒண்ணும் எழுதல. உனக்குச் சொல்லி விடுவாவன்னுதான் நெனச்சிட்டுக் கெடந்தேன்."

நான் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து அந்த நகலைத் திறந்தேன். திரையில் அவசரத்தில் படித்தபோது கண்ணில் படாதது இப்போது பட்டது. "போயிட்டிருக்கோம்" என்பதற்கும் "வீட்ல" என்பதற்கும் நடுவில் உடைந்த எழுத்து ஒன்று, ஒரே ஒரு துணுக்கு. அங்கேயும் ஒரு ஒட்டு. அவனுடைய செய்தியும் இன்னொரு செய்தியின் மேல்தான் எழுதப்பட்டிருக்கிறது. அது இவனுடையதைவிட நீளம். அதன் கடைசி வரி மட்டும் இவனுக்குக் கீழே மிஞ்சியிருக்கிறது.

"யாரு எழுதுனது?" என்று முதலாளி கேட்டார்.

சொல்ல வழியில்லை. மேலே இருந்ததெல்லாம் அழிந்துவிட்டது, எழுதியவன் பெயர், படகு, நாள் எல்லாம். பதிவில் தேடினால் நீளமான செய்தி எல்லாமே மாதாவே துணையில் ஆரம்பித்துச் சுகத்தில் அறுந்து நிற்கிறது. பெட்டி வைத்த நாளிலிருந்து அதை நிறுத்தியதே இல்லையாம், எந்த நாளிலும் வந்திருக்கலாம். சாப்பாட்டு நேரத்தில் வந்திருக்கலாம்.

"நம்ம ஆளு யாருக்கும் ஒண்ணும் ஆகலியே" என்றார் முதலாளி. "பெட்டி வச்ச பொறவு போன அத்தன பேரும் திரும்பி வந்தாச்சு. எல்லாரும் வீட்லதான் இருக்கானுவ."

அவள் புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப வேற எவளோ ஒருத்திக்கு இன்னும் தெரியாது" என்றாள்.

கம்பெனிக்காரர்கள் வந்து பெட்டியைத் திருத்தினார்கள். திருத்தம் என்பது ஒரே எழுத்துதான், துடைத்துவிட்டு எழுது என்று மாற்றித் திறப்பது. பதிவுக்கும் இடத்தைக் கூட்டினார்கள். ஒருமுறை நிறுத்திப் போட்டதும் திரை சுத்தமாகிவிட்டது. நினைவகத்தில் பழையது எதுவும் பாக்கியில்லை. என் லைப்ரரியில் ஒரு எழுத்தையும் யாரும் மாற்றவில்லை. அது எப்போதும் சரியாகவே இருந்தது. அந்த நினைப்பில் எனக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை.

அதற்கப்புறம் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். அவள் தன் தெருவில் சொல்லியிருக்கிறாள், நகல் என்னிடம் இருக்கிறது என்று. கடலுக்குப் போய்வந்த ஆண்கள் சாப்பிட்டுவிட்டு அசந்து தூங்கும் உச்சி வேளையில், ஒருத்தியாக, இருவராக என் வீட்டு மாடிப்படி ஏறி வந்தார்கள். யாரும் சத்தமாகப் பேசவில்லை. "அது எங்க வீட்டுக்காரரு எழுதுனதா?" என்பதுதான் எல்லோருக்கும் கேள்வி. ஒருத்தியின் புருஷன் சில மாதமாக இருமுகிறான். ஒருத்தியின் புருஷன் கடலிலிருந்து வந்தால் சுவரைப் பார்த்தபடி படுத்துவிடுகிறான். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறானாம். நான் அந்த வரியைக் காட்டுவேன். பெயர் இல்லையே என்பேன். திருப்தியில்லாமல் போவார்கள்.

ஒரு நாள் நடுத்தர வயதில் ஒரு அம்மாள் வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. தன் வீட்டில் என்ன நடக்கிறது என்று எதுவும் சொல்லவுமில்லை. என் திரையில் இருந்த வரியை விரலால் தொட்டு, எழுத்துக் கூட்டி, ஒருமுறைக்கு இருமுறை படித்தார்.

"யாரு வீட்டைச் சொல்லுதுன்னு தெரியவே தெரியாதாம்மா?"

"தெரியாதும்மா. தெரிஞ்சிக்க வழியே இல்ல."

"சரி" என்றார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப அது என் வீடுதான்னு வச்சிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.